நிழலில்லாத மேட்டில் ஒரு ஜோடிச் செருப்பு

லாம்பிஸ் காலை உணவுக்கு உட்கார்ந்து, வாற்கோதுமை அடையைப் பிட்டு மதுவில் தோய்க்கப் போன நேரத்தில் நிகிப்பா வந்து சேர்ந்தாள். மலைச்சரிவில் விழுந்து எழுந்து ஓடி வந்ததில் முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை.

"அண்ணே, என் தம்பியைக் கல்லால அடிக்கப் போறாங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள."

லாம்பிஸ் அடையைத் தட்டில் வைத்தார். லிகோசூரா ஊரைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களுக்கெல்லாம் எல்லைக்கல் நட்டுக் கொடுப்பவர் அவர். ஒரு முழ நிலத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும் ஊரில் இருபது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவருக்குக் கோபம், பதற்றம் எல்லாம் எப்போதோ வற்றிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலேஸ் அதற்கு நேர்மாறு. லாம்பிஸின் மனைவிக்குத் தம்பி. கல் சுமக்கவும் அளவுக்கயிறு பிடிக்கவும் கூடவே போகிறவன். ஆளைப் பார்த்தால் மல்யுத்தக்காரன் மாதிரி இருப்பான், ஆனால் கைக்கு முன்னால் வாய்தான் ஓடும்.

"யாரு, திராசோனையா? மான் வலை கட்டுறவனையா? அவன் என்ன பண்ணான்?"

"மேல, ஜீயஸோட இடத்துக்குள்ள போயிட்டானாம்."

தெலேஸ் எழுந்து உச்சிப் பக்கம் பார்த்தான். லிகையோன் மலை உச்சியில் இருப்பது கோயில் இல்லை, சிலை இல்லை. சாம்பலும் மண்ணும் குவிந்த ஒரு பலிமேடு, அதற்குக் கிழக்கே பொன் கழுகு வைத்த இரண்டு தூண்கள், சுற்றிலும் எல்லைக்கற்கள். பூசாரி மட்டும் ஹாக்னோ ஊற்றில் குளித்துவிட்டு உள்ளே போகலாம். வேறு யார் தெரிந்து நுழைந்தாலும் கல்லடி. தெரியாமல் நுழைந்தால் நாட்டைவிட்டு வெளியேற்றம். அந்த எல்லைக்குள் மனிதன், மிருகம், கல், மண் எதற்கும் நிழல் விழாது என்பது பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நுழைந்தவனுக்கு அன்றோடு பெயரும் போய்விடும். அவனை 'மான்' என்றுதான் சொல்வார்கள்.

"இப்பவே அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றாள் நிகிப்பா. "மான் எங்க, மானுக்குத் தண்ணி குடுத்தாச்சான்னு கேக்குறாங்க. காலம்பூரா மானைப் புடிச்சவனை!" வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள்.

லாம்பிஸ் எழுந்து கைத்தடியை எடுத்தார். "நடந்துக்கிட்டே சொல்லும்மா. யாரு பாத்தது, எப்போ பாத்தது?"

அவள் சொன்னது இதுதான். நேற்று விடியற்காலையில் சிமோஸ் என்ற ஆட்டிடையன் உச்சிக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். எல்லைக்குள் ஒரு மனிதன் நடப்பதைப் பார்த்துக் கத்தினான். இடையர்கள் ஓடிவந்து ஓக் காட்டுக்குள் திராசோனை வெறுங்காலோடு பிடித்தார்கள். பந்தயத் திடலுக்குப் பக்கத்திலிருக்கும் கல் அறையில் அவனை அடைத்துக் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. அறுபது நாளாகப் பெய்யாத மழை!

"அதான் மச்சான் வினையே" என்றான் தெலேஸ். "மானைப் புடிச்சதும் சாமி மழையைக் குடுத்துட்டாருன்னு ஊரே பேசுது. நேத்து சாயங்காலம் மழை விட்டு வெயில் அடிச்சப்ப நானே மேலங்கியைக் காயப் போட்டுக்கிட்டு அதைத்தான் பேசிட்டு இருந்தேன். ஆனா அது இவன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா!"

"நீ பேசாம இருந்த நாள் எது மாப்ளே?" என்றார் லாம்பிஸ்.

கல் அறைக்கு ஜன்னல் இல்லை. கதவு தடித்த ஓக் பலகை. அதில் ஒரு எறும்பு நுழையச் சந்து கிடையாது. காவலுக்கு நின்ற இரண்டு பேர் கதவைத் திறந்தபோது, திராசோன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். ஒல்லியான, கழுத்து நரம்பு தெரியும் ஆள். மணிக்கட்டில் கயிறு அறுத்த காயம்.

"நான் உள்ள போகல" என்றான், கேட்பதற்கு முன்பே. "தூணுக்குக் கீழ, எல்லைக்கு வெளிய சரிவுல மான் தடம் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேக்கக்கூடாதுன்னு செருப்பைக் கழட்டி ஊத்துக்கிட்ட ஓக் மரத்தடியில வச்சிட்டுப் போனேன். புடிச்சவங்க கிட்டயும் அதைத்தான் கத்துனேன். செருப்பையாவது எடுத்துக்கிறேன், விடுங்கடான்னு."

"யார் யார் இருந்தாங்க அப்போ?"

"ஏழெட்டு இடையனுங்க. சிமோஸ். எல்லைக் காவலன் கார்மோஸும் ஓடியாந்தான்."

நிகிப்பா அடக்க மாட்டாமல் குறுக்கே பாய்ந்தாள். "பூசாரி நேத்தே வழி சொன்னாரு அண்ணே! பனிமூட்டத்துல வழி தெரியாம உள்ள போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, உசுரோட எல்லை தாண்டி விட்டுடறோம்னாரு. இந்தப் பிடிவாதக்காரன் சொல்ல மாட்டேன்னுட்டான்."

"போகாத இடத்துக்குப் போனேன்னு எப்படிக்கா சொல்றது?" என்றான் திராசோன். "பொய் எனக்கு வராது."

"பொய் வராதாம்! உசுரு மட்டும் போகுமாம்!"

இன்று காலையோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. திராசோனின் செருப்புகள் எல்லைக்குள்ளே, பலிமேட்டின் அடியில், சேர்த்துக் கழற்றி வைத்தபடி கிடந்தன. புனித இடத்தில் செருப்பைக் கழற்றுகிறவன் அது புனித இடம் என்று தெரிந்துதானே கழற்றுகிறான்? அதன்பிறகு வழி தவறியதாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? தெலேஸ் மனசுக்குள் அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை.

சிமோஸ் திடலின் ஓரத்தில் ஆடுகளோடு இருந்தான். சப்பை மூக்கும் வெள்ளை மனசும் கொண்ட ஆள். நேற்றிலிருந்து ஊரே அவனைத் தேடி வந்து கதை கேட்பதில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கண்ணால பாத்தேங்க. எங்க இடையர் சாமி பான் மேல சத்தியமா. ஒரே மூட்டம். ஆட்டு முடியெல்லாம் பனித்துளி. எனக்கு மேல ஒரு ஆளு குனிஞ்சு குனிஞ்சு நடக்குறான். யாருடா இதுன்னு உத்துப் பாத்தேன். நெஞ்சு நின்னு போச்சு. அவனுக்கு நிழல் இல்ல!"

"எல்லைக்கல்லு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் லாம்பிஸ்.

"அந்த மூட்டத்துல கல்லா தெரியும்? தூணே தெரியலை. நிழல் இல்லைங்கறேன், அப்புறம் கல்லு எதுக்கு?"

"சரிதான். வேற ஏதாவது சத்தம் கேட்டுதா, அந்த நேரத்துல?"

"என் கிடாவோட மணிச்சத்தம். வேற ஒண்ணும் கேக்கல. மூட்டம் வந்தா மலை செத்த மாதிரி கிடக்கும், உங்களுக்குத் தெரியாததா."

கொஞ்சம் தள்ளி வந்ததும் தெலேஸ் லாம்பிஸின் தோளைப் பிடித்தான். "மச்சான், இவன்தான்! மூஞ்சியைப் பாத்தீங்களா? திராசோன் மேல ஏதோ பழைய பகை. செருப்பைக் கொண்டுபோய் வச்சதும் இவன்தான்."

"அவனா? நிழல் இல்லாததைப் பாத்ததுக்கே நெஞ்சு நின்னு போச்சுங்கறான். அந்த எல்லைக்குள்ள ஒரு விரலை வைக்கச் சொன்னா விரலை வெட்டிக்குவான். பயப்படுறவன் போயிருக்க மாட்டான் மாப்ளே. பயத்தைவிடப் பெரிய பயம் இருக்குறவன்தான் போயிருப்பான்."

பூசாரி பிலார்கோஸ் செருப்புகளை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். நெடிய, இறுகிய முகம். லாம்பிஸ் செருப்பை எடுத்ததும் மூக்குக்கு அருகே கொண்டுபோனார். மேல்புறம் தோல் காய்ந்து வெளுத்திருந்தது. கால் பதியும் பள்ளத்தில் வெறும் தூசி. திருப்பினார். அடியில் சாம்பல் சேறு ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது.

"நீங்க எடுக்கும்போது எப்படி இருந்துச்சு சாமி?"

"இதே மாதிரிதான். மேல காய்ஞ்சு இருந்துச்சு. அடியில சேறு, ஈரமா."

"எந்தப் பக்கம்?"

"மேட்டுக்குக் கிழக்க. தூண் இருக்குற பக்கம். வெயில் ஏறினப்புறம் கார்மோஸ் கூப்பிட்டான், குளிச்சிட்டுப் போய் எடுத்தேன்." பூசாரி லாம்பிஸை நிமிர்ந்து பார்த்தார். "லாம்பிஸ், எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல. ஆனா மழை பேஞ்சிருக்கு. இப்ப இவனை விட்டா, அடுத்த மழை வராதப்ப ஜனங்க யாரைத் தேடுவாங்கன்னு நினைக்கிறீங்க?"

"அதை அப்பப் பாத்துக்கலாம் சாமி. சபையில எனக்கு நாலு கேள்வி போதும்."

நிகிப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நிழல்கள் நீளத் தொடங்கியிருந்தன. அவள் அடிக்கடி வானத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சூரியன் இறங்கித்தான் இருந்தது. தெலேஸ் தன் மேலங்கியைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

சபை எல்லைக்கற்களுக்கு வெளியே கூடியது. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல். பெரியதாக எடுத்தவன் சிறியதாக எடுத்தவனைக் கேலி செய்துகொண்டிருந்தான். திராசோனை நடுவில் நிறுத்தினார்கள். யாரோ "மானே, ஓடிப் பாரேன்!" என்று கத்த, சிலர் சிரித்தார்கள். தெலேஸின் கை தானாக முறுக்கிக்கொண்டது.

லாம்பிஸ் கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். "சிமோஸ், நேத்து நீ பாத்த ஆளுக்கு நிழல் இல்ல. ஒத்துக்கறேன். உன் கிடாவுக்கு இருந்துச்சா?"

சிமோஸ் சிரித்தான். "என் கிடா எல்லைக்கு வெளியிலதானே நின்னுச்சு. அதுக்கு ஏன் நிழல் இல்லாம…" பாதியில் நிறுத்தினான். "நான் பாக்கலைங்க."

"உனக்கு இருந்துச்சா?"

சிமோஸ் தன் காலடியைக் குனிந்து பார்த்தான், நேற்றைய நிழல் இன்றும் அங்கே கிடக்கும் என்பது போல. கூட்டத்தில் ஒரு கிழவன் உரக்கச் சொன்னான்: "மூட்டத்துல யாருக்குடா நிழல் விழும், மடையா!"

"அதேதான்" என்றார் லாம்பிஸ். "சூரியன் இல்லாத காலையில இந்த மலை முழுக்க யாருக்கும் நிழல் கிடையாது. சிமோஸ் பொய் சொல்லல. நிழல் இல்லாத ஆளைப் பாத்தான். நம்மள்ல யார் பாத்திருந்தாலும் உள்ள இருக்கான்னுதான் கத்தியிருப்போம். ஆனா கல்லையும் அவன் பாக்கல, தூணையும் பாக்கல."

முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி கையை உயர்த்தினார். "அப்போ செருப்பு?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்." லாம்பிஸ் செருப்பு ஒன்றை உயரத் தூக்கிக் காட்டினார். "நேத்து விடியற்காலையில இதைக் கழட்டி வச்சிருந்தா, அறுபது நாள் காய்ஞ்ச தரையில வச்சிருக்கணும். அடி சுத்தமா இருக்கணும். அப்புறம் பகல் பூரா கொட்டுன மழையில மேல் தோல் ஊறி, பள்ளத்துல தண்ணி நின்னிருக்கணும். ஆனா பாருங்க. மேல காய்ஞ்சிருக்கு, தூசிகூடப் போகல. அடியில சேறு. இந்தச் செருப்பு மழையில நனையவே இல்ல. மழை விட்டப்புறம் ஈரத் தரையில வந்து உக்காந்திருக்கு. அந்த நேரத்துல திராசோன் பூட்டின அறையில இருந்தான். அதுக்கு நீங்கதான் சாட்சி."

ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தார்கள். திராசோன் இல்லையென்றால் வேறு ஒருவன் உள்ளே போயிருக்கிறான். தெரிந்தே போயிருக்கிறான்.

லாம்பிஸ் எல்லைக் காவலனைக் கூப்பிட்டார். கார்மோஸ் கனத்த உடம்புக்காரன். ஊதுகொம்பு இடுப்பில் தொங்கியது. வியர்த்திருந்தான்.

"உன்னைத் தொந்தரவு பண்ணல கார்மோஸ். சின்னச் சந்தேகம். மழை நேத்து சாயங்காலமே விட்டுருச்சு. இன்னிக்குக் காலையில நல்ல வெயில். நீ பாத்துச் சொல்லி, சாமி எடுக்குறவரைக்கும் சேறு காயவே இல்லையே, அது எப்படி?"

"அது எப்படிங்க காயும்?" கேள்வி இவ்வளவு சுலபமாக இருந்ததில் கார்மோஸுக்கு மூச்சு வந்தது. "மேட்டு நிழல்லதானே இருந்துச்சு. அந்த நிழல்ல தரை எப்பவும் ஜில்லுனுதான்…"

அவன் குரல் தேய்ந்து நின்றது.

"எந்த நிழல்?" என்றாள் ஒரு பெண். "அங்க ஏதுடா நிழல்?"

"சாமி, நீங்க சொல்லுங்க!" என்று இன்னொருவன் கத்தினான். "உள்ள போறவர் நீங்க ஒருத்தர்தானே. நிழல் உண்டா?"

பூசாரி பிலார்கோஸ் தம் காலடியைப் பார்த்தார். "நம்ம பாட்டன் பூட்டன் சொன்னதுதான்" என்றார்.

தெலேஸ் குழம்பிப்போய் லாம்பிஸின் காதில் கிசுகிசுத்தான். "மச்சான், வெளிய நின்னே பாத்திருக்கலாமே அவன்?"

"காலையில கிழக்குப் பக்கம் முழு வெயில் மாப்ளே" என்றார் லாம்பிஸ், உதடு அசையாமல். "அங்க நிழல் விழுறது சாயங்காலம் மட்டும். செருப்பை வச்ச நேரத்துல அவன் காலுக்குச் சில்லுனு இருந்ததைக் கண்டுபுடிச்ச நேரத்துக்குச் சொல்லிட்டான். உள்ள நிழல் விழுதுன்னு நான் சத்தமாச் சொன்னா, இந்த ஊருக்கு அப்புறம் மலையே இருக்காது."

பிறகு குரலை உயர்த்தினார். "மூட்ட நாள்ல காவலன் எல்லையைச் சுத்திக் கொம்பு ஊதணும். நேத்து சிமோஸுக்கு ஆட்டு மணியைத் தவிர ஒண்ணும் கேக்கல. ஊதாத நாள்ல ஒருத்தன் வழி தவறி நுழைஞ்சா, காவலனும் பொண்டாட்டி புள்ளையோட நாட்டை விட்டுப் போகணும். ஆனா நுழைஞ்சவன் தெரிஞ்சே நுழைஞ்சிருந்தா, காவலன் மேல குத்தம் இல்ல. ஓக் மரத்தடியில செருப்பு இருக்குன்னு திராசோன் கத்துனது நீ காதால கேட்டது. மழை பிடிக்கறதுக்குள்ள போய் எடுத்து வச்சுக்கிட்டே. சரியா கார்மோஸ்?"

கார்மோஸ் முழங்காலில் விழுந்தான். "தூங்கிட்டேங்க! ஒரு விடியக்காலை தூங்கிட்டேன்! வீட்டுல நாலு புள்ளைங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போவேன்?"

அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. கூட்டம் திரும்பியது. திராசோனைச் சுற்றியிருந்த வட்டம் அப்படியே நகர்ந்து கார்மோஸைச் சுற்றிக்கொண்டது. அதே கைகள், அதே கற்கள். முடிச்சு அவிழ்ந்த சந்தோஷத்தில் துள்ளவேண்டிய நேரம் இது. ஒரு கழுத்திலிருந்து எடுத்து இன்னொரு கழுத்தில் மாட்டுவதற்கா காலையிலிருந்து ஓடினோம் என்று தெலேஸ் நினைத்தான்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு!" லாம்பிஸ் அவ்வளவு உரக்கப் பேசி அவன் கேட்டதில்லை. அவர் வட்டத்துக்குள் நுழைந்து கார்மோஸுக்கு முன்னால் நின்றார். "நேத்து சாயங்காலம் நீ மேல போனப்போ, எல்லைக்கல்லு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? யோசிச்சுச் சொல்லு. மூட்டமா இருந்துச்சா?"

கார்மோஸ் கண்ணீர் வழியும் முகத்தோடு நிமிர்ந்தான். புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூட்டம்… தெரியலைங்க. கல்லு தெரியல."

எல்லோருக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் மலை கழுவிவிட்டது போல இருந்தது. அங்கே நின்ற பாதிப் பேர் அந்த வெயிலில்தான் துணி காயப் போட்டார்கள். சிமோஸ் சொல்லவே வாயெடுத்தான். பூசாரி அவனைத் தடுத்துவிட்டுத் திராசோன் பக்கம் திரும்பினார்.

"இதுல பேசுற உரிமை உனக்குத்தான் மொதல்ல. உன்னைச் சாகடிக்கப் பாத்தவன். நேத்து சாயங்காலம் மலையில மூட்டமா?"

திராசோன் கார்மோஸைப் பார்த்தான். மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். பொய்க்குப் பழகாத நாக்கு ஒரு தடவை தடுக்கியது.

"மூட்டம்தான்" என்றான். "எதிர்ல வர்ற ஆளு தெரியல."

"நீ உள்ள பூட்டிக் கிடந்தியேடா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் சீறினான்.

"கதவுச் சந்து வழியாப் பாத்தேன்."

நிகிப்பா மேலங்கியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"என் தம்பிக்குப் பொய் வராது" என்றாள். "கேட்டுப் பாருங்க யாரை வேணாலும்."

பூசாரி சூரியனைப் பார்த்தார். அது மலை விளிம்பைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

"கார்மோஸ் தெரியாம நுழைஞ்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். "விடிஞ்சதும் எல்லை கடத்தி விடுங்க."

சிறிய கல் வைத்திருந்தவன்தான் முதலில் கீழே போட்டான்.